மலைச்சரிவின் செய்தி எண்ணாகும் இடம்

மன்னார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிச் சுரம் ஏறி, முக்காலி, தாவளம் வழியே அகளியை அடைவோர் ஒரே பயணத்தில் இரு வேறு மழை நிலங்களைக் கடந்து செல்கின்றனர். மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய சரிவுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பொழிகிறது. கிழக்கே தமிழக எல்லையை நெருங்க நெருங்க அது 1,000 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பவானியும் சிறுவாணியும் பாயும் இப்பள்ளத்தாக்கில், அகளியில் உள்ள மழைமானி வறண்டு கிடக்கும் நாளிலும் சுரத்தின் மேற்சரிவு நீரில் ஊறிக் கனத்திருக்கக்கூடும். மழைக்காலங்களில் மண் சரிந்து இச்சுரச் சாலையில் போக்குவரத்து நின்றுபோவது பலமுறை நிகழ்ந்துள்ளது. மலைநாட்டு மக்கள் இதனை ‘உருள்பொட்டல்’ என்று அழைப்பர்.

எனவே, ஓரிடத்து மழையளவைக் கொண்டு மற்றோரிடத்துச் சரிவின் நிலையை ஊகித்தல் இத்தகைய நிலப்பகுதிகளில் போதுமானதன்று. சரிவுக்குள்ளேயே கருவிகளைப் பதித்து, மண்ணின் ஈரத்தையும் அதனுள் நிற்கும் நீரின் அழுத்தத்தையும் நேரடியாக அளத்தல் வேண்டும். இவ்வாறு அளக்கும் முயற்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், ஏற்கனவே மேற்கொள்ளப்பட்டுள்ளது. அம்முயற்சி நன்கு அறியப்பட்டதே. எனினும் அதில் ஒரு சிறு அங்கம் பெரிதும் பேசப்படுவதில்லை. மண்ணுக்குள்ளிருந்து வரும் கம்பிகள் கணிப்பொறியின் உலகுக்குள் நுழையும் இணைப்புப் பெட்டியே அது. களப்பணியாளர் இதனை ‘டெர்மினல் பெட்டி’ என்பர். அதில் கம்பிகள் சரியாகப் பூட்டப்படாவிடில், அதற்குப் பின்னுள்ள கணிப்பொறி, செயற்கைக்கோள் இணைப்பு, எச்சரிக்கை ஏற்பாடு அனைத்தும் தவறான எண்ணையே மிக விரைவாகக் கொண்டு சேர்க்கும்.

மூணாற்றில் நடந்த முயற்சி

2005 ஜூலை மாதத்துப் பெருமழையில் மூணாறு நகரை ஒட்டிய அந்தோணியார் காலனியில் மண் சரிந்து உயிர்ச்சேதம் விளைந்தது. அச்சரிவையே கண்காணிப்புக்குரிய இடமாகத் தேர்ந்தெடுத்து, அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மனீஷா வினோதினி ரமேஷின் தலைமையில் 2008-ஆம் ஆண்டு முதல் கம்பியில்லாக் கருவி வலையமைப்பு ஒன்றை அங்கே நிறுவினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவு பெற்ற கூட்டாய்வு ஒன்றின் அங்கமாக இப்பணி தொடங்கியது. சரிவில் ஆழ்துளைகள் இட்டு, குழாய்களில் பலவகை உணரிகளைப் பொருத்தி இறக்கினர். உணரி என்பது ஈரம், அழுத்தம், அசைவு போன்ற ஒன்றை மின்குறிகையாக மாற்றித் தரும் கருவி. அவை தந்த அளவீடுகள் மலையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரி வளாகத்துக்கு அனுப்பப்பட்டன.

2009 ஜூலையில் மழை மிகுந்தபோது மண்ணுள் நீரழுத்தம் ஏறுவதை இவ்வமைப்பு காட்டியது, முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் விலகியிருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். மழை தணிந்ததும் அழுத்தமும் தணிந்தது. பின்னர் இதே முறை சிக்கிமில் காங்டாக்கை அடுத்த சந்த்மாரிப் பகுதிக்கும் கொண்டு செல்லப்பட்டது.

கருவிகளின் எல்லையையும் இங்கேயே குறித்துவிடுதல் நன்று. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்த அவ்விரவில் நடந்தது, வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலையாயிற்று. ஒரு சரிவில் பதிக்கப்பட்ட கருவி மற்றொரு சரிவுக்காகப் பேசாது. ஆகவே, இனிவரும் ஆண்டுகளில் இத்தகைய அமைப்புகள் பல சரிவுகளில், பல மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் நிறுவப்பட வேண்டியிருக்கும். ஆய்வாளர் கையில் ஒழுங்காக இயங்கிய பெட்டி, ஒப்பந்தக்காரர் கையிலும் அலுவலகப் பராமரிப்பிலும் அவ்வாறே இயங்குமா என்பது கம்பிகளைப் பற்றிய அறிவையே பெரிதும் சார்ந்துள்ளது.

பெட்டிக்குள் வருபவை

‘கம்பியில்லா வலையமைப்பு’ என்னும் பெயர் ஓரளவு மயக்கம் தருவது. முனையத்திலிருந்து முனையத்துக்குச் செய்தி வானலை வழியே செல்கிறது என்பது உண்மையே. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் உணரியிலிருந்து முனையப் பெட்டி வரை செல்வது செம்புக் கம்பிதான். அக்கம்பியில் வருவது ஆனலாக் எனப்படும் தொடர்குறிகை. மண்ணின் ஈரமோ நீரின் அழுத்தமோ மாறமாற இடைவெளியின்றி ஏறியிறங்கும் மின்னழுத்தமே அது. கணிப்பொறிக்கு இது புரியாது. அதற்கு எண் வேண்டும். மின்னழுத்தத்தை எண்ணாக்குவது மாற்றி என்னும் சிறு மின்னணுச் சில்லு. மூணாற்றில் பயன்பட்டது, எட்டுத் தொடர்குறிகைகள் வரை ஏற்கும் ஒரு தயார்நிலைப் பலகையாகும். அங்கே இறக்கப்பட்ட உணரிகள் பல அப்பலகைக்கு நேரடியாக ஒத்துவரவில்லை. இடையில் தனிச் சுற்றுப் பலகைகளை வடிவமைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக இத்தகைய அமைப்பை வாங்க முனையும் துறைகள் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. உணரியும் பெட்டியும் தனித்தனியே தரமானவையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பேசும் என்று அதனால் உறுதியாகாது.

மாற்றி, தனக்குக் குறிக்கப்பட்ட மின்னழுத்த எல்லையைச் சம படிகளாகப் பிரித்துக்கொள்கிறது. 0 முதல் 2.5 வோல்ட் வரையுள்ள எல்லையை 12 இருமக் கூறு கொண்ட மாற்றி 4,096 படிகளாக்கும். ஒரு படி ஏறத்தாழ 0.61 மில்லிவோல்ட். 16 கூறு கொண்டதாயின் 65,536 படிகள். ஒரு படி 0.038 மில்லிவோல்ட். எல்லைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வந்தால் மாற்றி உச்ச எண்ணையே திரும்பத் திரும்பத் தரும். அவ்வெண்ணைக் காண்பவர் ‘அழுத்தம் உச்சத்தில் நிலையாக உள்ளது’ என்று பொருள் கொள்ளக்கூடும். உண்மையில் அதற்கு மேல் அளக்கப்படவே இல்லை.

மூணாற்று வகை அமைப்பில் பெட்டியை வந்தடையும் குறிகைகள் ஒரு குடும்பத்தவை அல்ல. மண்ணின் ஈரத்தைக் காட்டும் உணரி வோல்ட் அளவில் குறிகை தருகிறது. மண்ணின் நுண்துளைகளில் நிற்கும் நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர், வகைக்கேற்ப மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ தருகிறது. குழாய் வளைவதைக் காட்டும் திரிபுமானி தருவது மில்லிவோல்ட்டின் சிறு பகுதியை. நில அதிர்வைக் கேட்கும் ஜியோபோன் எந்த மின்வழங்கலும் இன்றித் தானே மின்னழுத்தம் பிறப்பிக்கிறது. காந்தப்புலத்தில் ஒரு சுருள் அசைவதே அதன் தொழில். இவை அனைத்தையும் ஒரே பெட்டியில் ஒரே விதமாகப் பூட்டிவிட முடியாது.

ஒரே மண்ணில் இரு தரைகள்

இணைப்பில் நேரும் பிழைகளுள் தலையாயது தரைத்தொடர்பைப் பற்றியது. மின்னழுத்தம் என்பது எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. ‘பூச்சியம்’ என்று கொள்ளப்படும் புள்ளி எது என்பதை முடிவு செய்யாமல் ஒரு வோல்ட் என்று கூறுவதில் பொருளில்லை. ஆய்வுக்கூட மேசையில் இரண்டடி இடைவெளியில் உள்ள உணரிக்கும் பெட்டிக்கும் ஒரே பூச்சியம் அமைந்துவிடும். மலைச்சரிவில் அவ்வாறன்று. மேலே காவலறையில் மின்வாரிய இணைப்பும் அதற்குரிய தரைக்கம்பியும் இருக்கும். கீழே எண்பது மீட்டர் தொலைவில் ஈரமண்ணுள் உலோக உடலோடு உணரி புதைந்திருக்கும். இவ்விரு இடத்துத் தரைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எதுவுமில்லை.

ஒற்றைமுனை இணைப்பு என்னும் எளிய முறையில், உணரியின் நேர்முனைக் கம்பி மட்டும் பெட்டியின் ஒரு வழிக்குள் செல்கிறது. எதிர்முனைகள் அனைத்தும் பொதுத் தரையில் சேர்க்கப்படுகின்றன. இரு தரைகளுக்கும் இடையே 100 மில்லிவோல்ட் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். 0 முதல் 10 மீட்டர் நீர்மட்டத்துக்கு 0 முதல் 2.5 வோல்ட் தரும் பீசோமீட்டரில் ஒரு மீட்டர் நீருக்கு 250 மில்லிவோல்ட். ஆகவே அந்த 100 மில்லிவோல்ட், இல்லாத 40 சென்டிமீட்டர் நீரை மண்ணுள் ஏற்றிக் காட்டும். அல்லது உள்ள நீரை மறைக்கும். இரு தரைகளையும் தடித்த கம்பியால் இணைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். அப்போது அக்கம்பி வழியே மின்னோட்டம் சுற்றத் தொடங்குகிறது. தரைச்சுற்று எனப்படும் இதுவே வேறொரு பிழைக்கு ஊற்றாகும்.

இப்பிழையின் கொடிய இயல்பு, அது மாறாது நில்லாமை. மண் நனையும்போது அதன் மின்கடத்துந்திறன் மாறுகிறது. அண்டையில் நீரேற்றும் மோட்டார் ஓடும்போது தரையின் மின்னழுத்தம் நகர்கிறது. மழையோடு சேர்ந்து ஏறும் எண்ணை எவரும் ஐயுறார். மழை பெய்கிறது, நீரழுத்தம் ஏறுகிறது, இயல்புதானே என்று கோப்பில் குறிப்பெழுதப்படும்.

இதற்கு மாற்று, வேறுபாட்டு இணைப்பு. இம்முறையில் உணரியின் இரு முனைகளும் பெட்டியின் இரு வழிகளுக்குள் செல்கின்றன. பெட்டி அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் அளக்கிறது. இரண்டிலும் பொதுவாக ஏறியுள்ள தரை மின்னழுத்தம் கழிந்துபோகிறது. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவந்தால், வழியில் தொற்றும் இரைச்சலும் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகத் தொற்றி அவ்வாறே கழியும். ஆயினும் அப்பொது மின்னழுத்தம் பெட்டி தாங்கும் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். எல்லை மீறினால் கழித்தல் நிகழாது.

வேறுபாட்டு முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வோர் உணரியும் இரு வழிகளை எடுத்துக்கொள்வதால், 16 வழிப் பெட்டியில் எட்டு உணரிகளையே இணைக்க இயலும். கொள்முதல் கோப்பில் பதினாறு என்று எழுதப்பட்டது மலைச்சரிவில் எட்டாகிவிடுகிறது. பதினாறு உணரிகளுக்கு ஒப்புதல் பெற்ற பிறகு இது தெரியவரும்போது, ‘ஒற்றைமுனையில் பூட்டிவிடுங்கள்’ என்ற வாய்மொழி ஆணை பிறப்பது இயல்பு. மதிப்பீட்டுக் குறிப்பிலேயே ‘வேறுபாட்டு வழிகள் இத்தனை’ என்று தெளிவாக எழுதுவதே இதனைத் தவிர்க்கும் வழி. ஒப்பந்தப்புள்ளிகளை ஆராயும் அலுவலர் மின்னணுவியல் கற்றிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஜியோபோன் போன்ற, எந்தத் தரையோடும் தொடர்பற்று மிதக்கும் உணரிகளில் எதிர்த்திசைப் பிழை நேர்கிறது. அவற்றின் இரு முனைகளையும் வேறுபாட்டு வழியில் பூட்டி விட்டுவிட்டால், பெட்டியின் நுழைவாய் ஈர்க்கும் மிகநுண்ணிய மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கும். அதனால் நுழைவாயின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல நகர்ந்து எல்லையைத் தொடும். மலைச்சரிவைக் கண்காணிக்கும் திரையில் மெல்ல நகரும் கோடு எதைப்போல் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இரு கம்பிகளிலிருந்தும் பெட்டியின் தரைக்கு 10,000 முதல் 1,00,000 ஓம் வரையுள்ள சமமான மின்தடைகளை இடுவதே தீர்வு. அவற்றின் விலை சில ரூபாய்.

சிறு குறிகையும் நீண்ட கம்பியும்

திரிபுமானியின் நிலை இன்னும் நுட்பமானது. 350 ஓம் தடையுடைய மெல்லிய உலோகத் தகடு குழாயின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். குழாய் வளைந்து, ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் நீட்சி ஏற்பட்டால் அத்தடை மாறுவது 0.7 ஓம் மட்டுமே. நான்கு தடைகள் சேர்ந்த வீட்ஸ்டன் சமனச்சுற்றில் இதனைப் பொருத்தி 5 வோல்ட் அளித்தால் கிடைக்கும் குறிகை 2.5 மில்லிவோல்ட். முன்கூறிய 12 கூறு மாற்றிக்கு இது நான்கே படிகள். நான்கு படிகளைக் கொண்டு ஒரு மலையின் நகர்வை எழுத முடியாது. ஆகவே, கம்பி பெட்டியை எட்டும் முன்போ பெட்டியின் வாயிலிலேயோ குறிகையைப் பெருக்க வேண்டும். பெருக்கியை உணரிக்கு அருகே வைப்பதே மேல். நீண்ட கம்பியில் இரைச்சல் தொற்றியபின் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

கம்பியின் தடையும் கணக்கில் வந்தாக வேண்டும். அரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நூறு மீட்டர் சென்று திரும்பினால் அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். அளக்க வேண்டிய மாற்றத்தைப் போல் பத்து மடங்கு. மாறாத தடையாக இருந்தால் கழித்துவிடலாம். ஆனால் செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.39 விழுக்காடு கூடுகிறது. மூணாறு போன்ற இடத்தில் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே, வெயில் படும் கம்பியில் 10 பாகை வேறுபாடு அரிதன்று. அந்தப் பத்துப் பாகை 0.27 ஓம் மாற்றத்தைத் தரும். குழாய் வளையாமலே, மேற்கண்ட வளைவின் ஐந்தில் இரு பங்கு வளைந்ததாகப் பதிவாகும். மாலையில் மீண்டும் நிமிரும். நாள்தோறும் வெயிலோடு எழுந்து வெயிலோடு அடங்கும் மலை எங்கும் இல்லை. அத்தகைய வரைகோட்டைக் கண்டால் ஐயுற வேண்டியது கம்பியை. உணரிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று கம்பிகள் இழுத்து, கம்பித் தடைகள் சமனச்சுற்றின் அடுத்தடுத்த பக்கங்களில் விழுமாறு அமைத்தால் இப்பிழை பெரும்பாலும் நீங்கும். கம்பியை மண்ணுக்கடியில் புதைத்தலும் நன்மை தரும்.

தொலைவு மிகுந்த இடங்களுக்கு மின்னோட்ட முறை ஏற்றது. ஆலைகளில் நெடுங்காலமாக வழங்கும் 4 முதல் 20 மில்லியாம்பியர் முறையே அது. ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒன்றாகவே இருப்பதால் கம்பியின் தடை கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது. பெட்டியில் 125 ஓம் துல்லியத் தடை ஒன்றின் குறுக்கே அளந்தால் 0.5 முதல் 2.5 வோல்ட் கிடைக்கும். இம்முறையின் பெருஞ்சிறப்பு அதன் தொடக்கப் புள்ளியில் உள்ளது. நீர் சிறிதும் இல்லாதபோதும் 4 மில்லியாம்பியர், அதாவது 0.5 வோல்ட், வந்துகொண்டே இருக்கும். காட்டுப்பன்றி கிண்டியோ மண் நகர்ந்தோ கம்பி அறுந்தால் மின்னழுத்தம் பூச்சியமாகிவிடும். நீரில்லை என்பதும் கம்பியில்லை என்பதும் வெவ்வேறு எண்களாகப் பதிவாகின்றன. 0 வோல்ட்டில் தொடங்கும் உணரியில் இவ்வேறுபாடு கிடைக்காது. கம்பி அறுந்த சரிவே அங்கே மிகவும் பாதுகாப்பான சரிவாகத் தோன்றும். சரிவு நகரத் தொடங்கும்போதுதான் கம்பிகள் அறுபடுகின்றன என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

இல்லாத அதிர்வு

பெட்டிக்குள் பெரும்பாலும் மாற்றி ஒன்றே உண்டு. எட்டு அல்லது பதினாறு வழிகளையும் ஒரு தேர்வுச்சாவி மாறிமாறி அதனோடு இணைக்கிறது. ஒரு வழியில் 2 வோல்ட் அளந்த உடனே அடுத்த வழிக்கு மாறும்போது, முன்னதன் மின்னேற்றம் சிறிது தங்கிவிடும். அடுத்த உணரியின் உள்தடை மிகுந்ததாயின் அந்த மிச்சம் கரைவதற்குள் அளவீடு முடிந்துவிடும். விளைவாக, ஒரு குழாயின் ஈரம் மற்றொரு குழாயின் அழுத்தத்தில் நிழலாக விழும். மாறும் வேகத்தைக் குறைத்தலும், உள்தடை மிகுந்த உணரிக்கு இடைநிலைப் பெருக்கி அமைத்தலும் இதற்குரிய மருந்து. பயன்படாத வழிகளைத் திறந்து விடாமல் தரையோடு இணைத்துவிடுவதும் வழக்கமாக வேண்டும். ஒன்றும் பூட்டப்படாத வழியில் அண்டை வழியின் எண்களே தோன்றுவதைக் கண்டு வியந்தோர் பலர்.

மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, அளக்கும் நொடியில் மட்டுமே உணரிக்கு மின்சாரம் வழங்குதல் இத்தகைய முனையங்களின் வழக்கம். உணரி விழித்தெழச் சில மில்லிநொடிகளேனும் ஆகும். அதற்கு முன் எடுத்த எண் வீண்.

மின்வாரியக் கம்பிகளின் 50 ஹெர்ட்சு இரைச்சல் செய்யும் மாயம் இவையனைத்தினும் வேடிக்கையானது. ஒரு குறிகையை உண்மையாக அறிய, அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. நொடிக்கு 49 முறை அளவெடுக்கும் பெட்டியில் 50 ஹெர்ட்சு இரைச்சல் புகுந்தால், அது நொடிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் அமைதியான அலையாகப் பதிவாகும். பதிந்தபின் அதனை உண்மையான நில அசைவிலிருந்து பிரிக்க எந்தக் கணிப்பொறியாலும் இயலாது. மாற்றிக்கு முன்னதாகவே, கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில், வடிகட்டி அமைத்தல் ஒன்றே வழி. பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தைப் பற்றி ஒரு சொல். அதனைப் பெட்டியின் பக்கம் மட்டும் தரையிட வேண்டும். உணரியின் பக்கம் வெட்டிக் காப்பிட வேண்டும். ‘இரு பக்கமும் இட்டால் இரட்டைப் பாதுகாப்பு’ என்று நல்லெண்ணத்தோடு செய்யும் மின்பணியாளர், முன்கூறிய தரைச்சுற்றை மீண்டும் உருவாக்கிவிடுகிறார். வீட்டு மின்னிணைப்பில் அவர் கற்ற நல்ல பழக்கமே இங்கே பிழையாகிறது. ஆகவே காரணத்தை அவருக்கு விளக்கிவிடுதல் முறை.

ஈரமும் இடியும்

இடவப்பாதி என மலையாளத்தில் வழங்கும் தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் பெட்டியை நனைக்கிறது. ஐப்பசியின் துலாவர்ஷம் மாலைதோறும் இடியோடு வருகிறது. முன்னது முனையங்களுக்கு இடையே ஈரப்படலம் படரச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அப்படலம் ஒரு மின்தடைபோல் இயங்கி, உள்தடை மிகுந்த உணரியின் குறிகையைத் தின்றுவிடும். கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடும். உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொடிப்பை வைத்து, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். எறும்பும் பல்லியும் குடியேறாவண்ணம் நுழைவாயில்களை அடைத்தல், எந்தக் கையேட்டிலும் முதற்பக்கத்தில் இராது. களத்தில் முதலில் தேவைப்படுவது அதுவே.

இடியைப் பொறுத்தவரை, நீண்ட கம்பி ஒவ்வொன்றும் ஒரு வான்கம்பியே. அருகில் விழும் மின்னல் அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் தூண்டக்கூடும். பெட்டியின் வாயிலில் மிகையழுத்தத்தைத் தரைக்கு விலக்கும் காப்பான்கள் இருத்தல் இன்றியமையாதது. அக்காப்பான்களின் தரையும் பெட்டியின் தரையும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குழிகள் வெட்டினால் காப்பான் இருந்தும் பயனில்லை.

மழைக்கு முந்திய சோதனை

பெட்டி சரியாக இருக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு வழியின் இரு முனையங்களையும் சிறு கம்பியால் இணைத்தால் திரையில் பூச்சியம் தோன்ற வேண்டும். ஒரு சாதாரண டார்ச்சு மின்கலத்தை அவ்வழியில் பூட்டி, அதே மின்கலத்தை மல்டிமீட்டரில் அளந்து, இரு எண்களும் ஒத்துள்ளனவா என்று பார்க்கலாம். ஒரு வழியில் மின்கலம் இருக்கும்போது அடுத்த வழியின் எண் நகர்கிறதா என்பதையும் அப்போதே கவனிக்கலாம். மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் தரை மின்னழுத்த வேறுபாட்டை அளந்து எழுதிக்கொள்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

எழுதிக்கொள்ளுதல் என்பதே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. எந்த வழியில் எந்த உணரி, எவ்வளவு ஆழத்தில், எந்த நிறக் கம்பி, என்று பூட்டப்பட்டது, எவர் மாற்றினார் என்னும் பட்டியல் பெட்டியின் கதவின் உட்புறத்தில், நனையாத உறையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது வழியையும் ஐந்தாவது வழியையும் பழுதுபார்க்கும்போது இடம்மாற்றிப் பூட்டியவர் பணிமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டால், ஆறு மீட்டர் ஆழத்து நீரழுத்தம் பன்னிரண்டு மீட்டர் ஆழத்ததாகவே ஆண்டுக்கணக்கில் பதிவாகிக்கொண்டிருக்கும்.

கருவி தரும் எண்ணைச் சோதிக்க மற்றொரு துணையும் மலைநாட்டில் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் காலைதோறும் மழைமானியை அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அகளியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் இருளர், முடுகர், குறும்பர் குடிகள் எந்த ஓடை எந்த மழைக்குக் கலங்கும் என்பதை அறிந்தவர்கள். தானியங்கி மழைமானி காட்டுவதும் தோட்டத்துப் பதிவேடு காட்டுவதும் ஒவ்வாதபோது, முதலில் திறக்க வேண்டியது இணைப்புப் பெட்டியின் கதவைத்தான்.

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. முனையத் திருகுகளை இறுக்குதல், பூச்சியச் சோதனை, மின்கலச் சோதனை, காப்பான்களைப் பார்வையிடல், சிலிக்காப் பொடிப்பை மாற்றுதல் ஆகிய அனைத்தும் மே மாத இறுதிக்குள் முடிந்தாக வேண்டும். மழை தொடங்கிய பின் அப்பெட்டியின் கதவைத் திறப்பதே அதற்குள் ஈரத்தை அழைப்பதாகிவிடும்.